ஓய்வெடுத்தும் போகாத இடுப்புவலி

கேள்வி: எனக்கு 47 வயது. காரைக்கால் துறைமுகத்திலிருந்து விசைப்படகில் தொழிலுக்குப் போகிறேன். இரண்டு வருடமாக இடுப்புவலி. ஸ்கேனில் டிஸ்க் பிதுங்கியிருப்பதாகச் சொன்னார்கள். பெல்ட் போட்டேன், கரண்ட் வைத்தார்கள், இழுவையும் கொடுத்தார்கள். அன்றைக்குச் சுகமாக இருக்கும், மறுபடி வலிக்கும். மீன்பிடித் தடைக்காலம் முழுக்கப் படுத்து ஓய்வெடுத்தும் போகவில்லை. பிசியோதெரபியால் பயன் உண்டா?
- வாசகர், கிளிஞ்சல்மேடு

பதில்: உண்டு. ஆனால் பிசியோதெரபியில் முக்கியமான பகுதி இன்னும் உங்களுக்குக் கிடைக்கவில்லை. அது உடற்பயிற்சி.

முதலில் ஸ்கேன் பயத்தை விடுங்கள். வலியே இல்லாத ஐம்பது வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தாலும் சுமார் 60 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் தெரிகிறது. அதை வைத்து மட்டும் முதுகு கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம்.

மூன்று மாதம் தாண்டிய, தனிக் காரணம் பிடிபடாத இடுப்புவலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. கரண்ட் சிகிச்சை (டென்ஸ்), அல்ட்ராசவுண்ட், இழுவை, பெல்ட் ஆகியவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது அது. பயிற்சியைப் பரிந்துரைக்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அத்தனை நாளும் படுத்தே கிடந்தால் தசை தளர்ந்துவிடும். கடலுக்குத் திரும்பிய முதல் நாளே வலையும் ஐஸ் பெட்டியும் பழைய கனத்தோடு காத்திருக்கும். அந்த இரண்டு மாதம்தான் இடுப்பைப் பலப்படுத்த உங்களுக்குக் கிடைக்கும் நல்ல காலம்.

மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கிப் பாதங்களை ஊன்றி, இடுப்பை மெல்ல உயர்த்துங்கள். ஐந்து எண்ணி இறக்குங்கள். பத்து முறை போதும். தவழும் நிலையில் ஒரு கையையும் எதிர்ப்பக்கக் காலையும் நீட்டிப் பழகுங்கள். அரசலாற்றங்கரையில் தினமும் நடங்கள். வலி குறைந்த பிறகும் நடையை நிறுத்த வேண்டாம். 2024-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு வலி திரும்ப வர சராசரியாக 208 நாள் ஆனது. செய்யாதவர்களுக்கு 112 நாள்.

அடுத்து, பளு தூக்கும் பயிற்சி. இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கால் வாளி மணலில் தொடங்கி, வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பயிற்சியின்போது லேசாக வலித்தால் பயப்பட வேண்டாம். மறுநாள் காலைக்குள் அடங்கினால் சரி. அடங்கவில்லையென்றால் அளவைக் குறையுங்கள். தொடங்குமுன் ஒரு பிசியோதெரபிஸ்ட் நேரில் பார்த்துச் சொல்லிக்கொடுப்பது அவசியம்.

சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, கால் வலுவிழந்தாலோ, காய்ச்சலோடு வலித்தாலோ பயிற்சி எதுவும் வேண்டாம். அன்றே காரைக்கால் அரசு பொது மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.