255-க்குப் பிறகு சுழியம்

மாணவர்களே, மருத்துவக் கருவிக்குள் இருக்கும் சிறு கணினிக்கு நிரல் எழுதும் பொறியாளர், சாதாரணக் கூட்டலிலும் விழிப்பாக இருக்க வேண்டும். ஏன்?

ஒரு பைட் என்பது 8 பிட். அதில் 0 முதல் 255 வரை மட்டுமே அடங்கும். 255-உடன் 1 கூட்டினால் மீண்டும் 0 வரும். பழைய காரின் மீட்டர் 99999-க்குப் பிறகு 00000 காட்டுவதும் இப்படித்தான்.

கனடாவில் தயாரான தெராக்-25 என்ற புற்றுநோய்க் கதிர்வீச்சுக் கருவியில், ஒரு பைட் 0 அல்லாத எண்ணைக் காட்டினால் பாகங்களின் நிலை சரிபார்க்கப்படும். 0 என்றால் சரிபார்ப்பு இல்லை. நிரல் ஒவ்வொரு சுற்றிலும் அதில் 1 கூட்டியது. ஆகவே 256ஆம் சுற்றில் சோதனை விடுபட்டது. 1987 ஜனவரியில் அமெரிக்காவின் யாக்கிமாவில், அந்தக் கணத்தில் பொத்தான் அழுத்தப்பட்டதால் நோயாளிக்கு அளவுமீறிய கதிர்வீச்சு பாய்ந்தது என்பதே விசாரணையில் கிடைத்த விளக்கம். ஏப்ரலில் அவர் இறந்தார்.

திருத்தம் எளியது: கூட்டாமல், 0 அல்லாத ஒரே எண்ணை அதில் வைப்பது. முந்தைய மாடலில் இருந்த வன்பொருள் பாதுகாப்புப் பூட்டுகளை இதிலும் வைத்திருந்தால், நிரல் தவறினாலும் பூட்டு தடுத்திருக்கும்.

பயிற்சி: ஒரு பைட்டில் 250 உள்ளது. 10 கூட்டினால் என்ன வரும்? (விடை: 4)