ஃபார் லூப்பை வொய்ல் லூப்பாக மாற்றலாமா?

சி மொழி பழகுபவர்கள் ஃபார் லூப் ஒன்றை வொய்ல் லூப்பாக மாற்றிப் பாருங்கள். ஆரம்ப மதிப்பு லூப்புக்கு மேலே, நிபந்தனை வொய்ல் அடைப்புக்குறிக்குள், ஒன்று கூட்டும் வரி லூப்பின் கடைசியில். 1 முதல் 10 வரை அச்சாகிவிடும். இவ்வளவுதானா என்றுதான் நானும் நினைத்தேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் மாற்றிய லூப்பில், 5 வந்தால் தாண்டிச் செல்ல கன்டினியூ இருந்தது. ஃபாரில் கன்டினியூ வந்தால் அடுத்து கூட்டும் வேலை நடக்கும். வொய்லில் நேராக நிபந்தனைக்குத் தாவிவிடும். கடைசி வரிக்கு வராது. எண் 5-லேயே நிற்க, புரோகிராம் இரவு முழுக்கச் சுற்றியது. காலையில் டீம் லீடர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கன்டினியூவுக்கு முன்பும் கூட்டும் வரியை எழுதிவிடுங்கள்.

டூ வொய்ல் என்றால், 11-இல் ஆரம்பித்தாலும் ஒருமுறை அச்சிட்ட பிறகே நிபந்தனையைப் பார்க்கும். லூப் நிற்காமல் சுற்றினால் கன்ட்ரோல், சி இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள்.