இல்லம் எழுப்புதல்

மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன மூன்று. அவை உணவு, உடை, உறையுள் என்பன. இவற்றுள் உணவு அன்றாடம் தேடப்படுவது. உடை ஆண்டுதோறும் தேடப்படுவது. உறையுளோ பெரும்பாலார்க்கு வாழ்நாளில் ஒரு முறையே தேடப்படுவது. ஆதலின், அதில் நேரும் பிழையும் வாழ்நாள் முழுதும் உடன் வருவதாகும். "வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்" என்னும் பழமொழி, இவ்விரண்டின் அருமையையும் பட்டறிந்த முன்னோர் வாயில் பிறந்ததே.

இல், மனை, அகம், உறையுள், வீடு எனத் தமிழில் இதற்குப் பெயர்கள் பல. வீடு என்னும் சொல், விடு என்னும் வினையடியாகப் பிறந்தது என்பர். பகலெல்லாம் உழைத்த உழைப்பை விட்டு, மனக்கவலையையும் விட்டு, மாந்தன் அமைதியுறும் இடம் வீடு. அத்தகைய இடமே கவலைக்குக் காரணமாகிவிடின் அதனினும் துன்பம் வேறில்லை. ஆகவே, வீடு கட்டும் முறையை ஒருவாறேனும் அறிந்துகொள்ளுதல் ஒவ்வொருவர்க்கும் கடமையாம்.

தொழில் வளர்ந்த எல்லைப்புறம்

தமிழகத்தின் வடமேற்கு எல்லையில், கருநாடகத்தை அடுத்து அமைந்தது கிருஷ்ணகிரி மாவட்டம். அது 2004-ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பட்டது. அதன்கண் உள்ள ஓசூர், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த குளிர்ந்த ஊர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கக் கேட்கலாம். 1971-இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் அங்கே தொழிற்பேட்டை அமைத்தது. பின்னர்ச் சரக்குந்துகளும், இருசக்கர வண்டிகளும், கைக்கடிகாரங்களும் செய்யும் பெருந்தொழிற்சாலைகள் எழுந்தன. பல மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர் வந்து குடியேறினர். சிற்றூராக இருந்த ஓசூர் வளர்ந்து, 2019-இல் மாநகராட்சியும் ஆயிற்று.

இங்ஙனம் வந்த தொழிலாளி ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் வாடகை வீட்டில் ஓர் அறையிலோ இரண்டு அறையிலோ குடும்பத்துடன் வாழ்கிறார். இரவு முறை வேலை செய்து, மிகுதி நேரமும் உழைத்து, பத்துப் பதினைந்து ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளோடு கடனும் வாங்கித் தமக்கென ஒரு வீடு கட்டத் தொடங்குகிறார். அவ்வீட்டின் சுவரில் இருப்பது செங்கல்லும் சாந்தும் மட்டுமன்று. அவருடைய இளமையும் அதில் இருக்கிறது. அது வீணாகாமல் காப்பது எவ்வாறு?

மனை தேர்தல்

முதற்கண் ஆராயத்தக்கது மனை. விலை மலிவு என்பது கருதி மனை வாங்குதல் கூடாது. விற்பவர்க்கு உரிமை உண்டா என்பதைப் பட்டா, மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றால் தெளிதல் வேண்டும். மனைப்பிரிவு அரசின் ஒப்புதல் பெற்றதா என்பதையும் அறிதல் வேண்டும். ஒப்புதல் பெறாத மனைகளின் பத்திரப் பதிவுக்கு 2016-இல் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தபோது, தமிழகமெங்கும் மனை வாங்கியோர் பலர் செய்வதறியாது திகைத்தனர். மறு ஆண்டில் அரசு வரன்முறை விதிகளை வகுத்த பின்னரே ஓரளவு வழி பிறந்தது.

பத்திரத்தைப் பார்ப்பதோடு நிலத்தையும் பார்த்தல் வேண்டும். ஏரியின் உட்பரப்பும், நீர் வரும் கால்வாயும், பள்ளமான இடமும் கோடையில் மேடுபோலவே தோன்றும். மழைக்காலத்தில் நீர் தன் பழைய வழியைத் தேடி வரும். ஆகவே, அவ்வூர் முதியோரை அணுகி, "பெருமழையில் இங்கே தண்ணீர் நின்றதுண்டா?" என்று கேட்டறிவது நலம்.

கல்லும் கடைக்காலும்

கிருஷ்ணகிரி மாவட்டம் கல்வளம் மிக்கது. இங்கே வெட்டி மெருகிடப்பெறும் கருங்கற்கள் கடல் கடந்தும் செல்கின்றன. வயல் வேலிக்குக் கற்கால்களும், வீட்டு வாயிலுக்குக் கற்பலகைகளும் இப்பகுதியில் இயல்பாகக் காணப்படுவன. மல்லச்சந்திரம் மலையில், இறந்தோர் நினைவாகப் பண்டை மக்கள் பலகைக் கற்களால் அமைத்த கற்திட்டைகள் இன்றும் நிற்கின்றன. சாந்து சிறிதும் இன்றி, பாரத்தைப் பாரத்தாலேயே தாங்கச் செய்த அவர்தம் திறன் வியக்கத்தக்கது.

கல்லுடைப்போர் பாறையில் ஒரே நேர்க்கோட்டில் சிறு குழிகள் இட்டு, அவற்றுள் இருப்பு ஆப்புகளைச் செருகி, ஒவ்வொன்றையும் மாறி மாறி அடிப்பர். பாறை அக்கோட்டின் வழியே பிளக்கும். இவ்வாறு கிடைக்கும் கல் கடைக்காலுக்கு மிகவும் ஏற்றது. வாணம் தோண்டும்போது இத்தனை அடி எனக் கணக்கிட்டு நிறுத்துவது போதாது. கெட்டி நிலம் வரும்வரை தோண்டுதல் வேண்டும். கல்லை அடுக்குங்கால், சுவரின் இருபுறத்தையும் பிணைக்குமாறு நீண்ட கற்களை இடையிடையே குறுக்காக வைத்தல் வேண்டும். அவை இல்லையேல் சுவர் ஒன்றாகத் தோன்றினும் உள்ளே இரண்டாகப் பிரிந்தே நிற்கும்.

நூலும் நிழலும்

வீட்டின் அளவுகளைத் தரையில் குறிப்பதற்கு மனை நூலிடுதல் என்று பெயர். மூலை சரியான செங்கோணமாக அமையக் கொத்தனார் கையாளும் வழி எளியது. ஒரு மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடியும், மறுபக்கம் 4 அடியும் அளந்து குறிப்பர். அவ்விரு குறிகளுக்கும் இடையே சரியாக 5 அடி இருப்பின் மூலை நேரானது. நீங்கள் வகுப்பறையில் கற்கும் கணக்கே அங்கே கயிற்றின் வடிவில் வேலை செய்கிறது.

திசை அறிவதற்கும் எளிய வழி உண்டு. சமதரையில் ஒரு கோலை நட்டு, அதனை நடுவாகக் கொண்டு ஒரு வட்டம் வரைக. முற்பகலில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தையும், பிற்பகலில் தொடும் இடத்தையும் குறித்து இணைப்பின், அக்கோடு கிழக்கு மேற்காக அமையும். அரண்மனை கட்டத் தொடங்குமுன் நண்பகல் நிழலைக் கோல்களால் அளந்து திசை தெளிந்த செய்தி, பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் வருகிறது. நிழலைக் கொண்டு திசை காணும் அறிவு நம் நாட்டிற்குப் புதிதன்று.

சுவரின் நிமிர்வைத் தூக்குக்குண்டும், அதன் கிடைமட்டத்தை ரசமட்டமும் காட்டும். வீட்டின் ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் மட்டம் பார்ப்பதற்கு நீர் நிறைந்த கண்ணாடி போன்ற குழாயே போதும். நீர் யாருக்காகவும் தன் மட்டத்தை மாற்றிக்கொள்வதில்லை.

சுவர்

நல்ல செங்கல்லை அறிவது எப்படி? இரண்டு கற்களை ஒன்றோடொன்று தட்டினால் மணியோசை எழ வேண்டும். நகத்தால் கீறினால் கோடு விழலாகாது. இடுப்பளவு உயரத்திலிருந்து தரையில் விட்டால் உடைதல் கூடாது. ஒரு நாள் முழுதும் நீரில் ஊறிய கல், தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கிற்கு மேல் நீரை உண்ணலாகாது.

செங்கல் சுடுவதற்கு விறகோ நிலக்கரியோ மிகுதியாக வேண்டும். அச்செலவைத் தவிர்க்கும் வழியொன்றை, ஓசூருக்கு அணித்தாகிய பெங்களூருவில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தார் ஆராய்ந்தனர். 1974-இல் அங்கே ஊரகத் தொழில்நுட்பத்திற்கென அஸ்திரா என்னும் மையம் தொடங்கப்பெற்றது. மணற்பாங்கான மண்ணுடன் சிறிதளவு சிமெண்டு கலந்து, பொறியில் இட்டு அழுத்தி, ஈரங்காத்து எடுக்கும் மண்கட்டியை அம்மையத்தார் பரப்பினர். அதற்குச் சூளை வேண்டுவதில்லை. ஓசூர்ப் பகுதியில் காணப்படும் செம்மண்ணைச் சோதித்துப் பயன்படுத்தின், சுவருக்கான பொருள் காலடியிலேயே கிடைத்ததாகும்.

கட்டும் முறையாலும் சிக்கனம் செய்யலாம். இங்கிலாந்தில் 1917-இல் பிறந்து, இந்தியாவையே தாயகமாக ஏற்றுக் கேரளத்தில் பல்லாண்டு வாழ்ந்து 2007-இல் மறைந்தவர் லாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞர். ஒருவர் வீட்டிற்கு வேண்டும் பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவிற்குள் கிடைப்பனவாக இருத்தல் வேண்டும் என்று காந்தியடிகள் கூறிய அறிவுரை, அவர் வாழ்வை நெறிப்படுத்தியது. செங்கற்களைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, சுவரின் நடுவே வெற்றிடம் அமையுமாறு கட்டும் முறையை அவர் பெரிதும் பரப்பினார். அதனால் ஏறக்குறைய காற்பங்கு செங்கல் மிச்சமாகும். உள்ளிருக்கும் காற்று, வெளிவெப்பம் வீட்டினுள் விரைந்து நுழையாமல் தடுக்கும்.

கூரையும் பொறுமையும்

பண்டு நாட்டு ஓடும், பின்னர் மங்களூர் ஓடும் நம் வீடுகளை மூடின. வசதி மிக்கோர் தேக்கு உத்திரங்களின் மேல் செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் நிறுத்தி மெத்தை வீடு கட்டினர். இன்று பெரும்பாலும் கம்பியும் சிமெண்டும் ஜல்லியும் சேர்ந்த தளமே போடப்படுகிறது.

சிமெண்டு உலர்ந்து இறுகுவதன்று; நீரோடு கூடி இறுகுவது. இதனைப் பலர் அறியார். நீர் குறையின் அதன் வலிமையும் குறையும். ஆதலின், தளத்தின் மேல் சிறு பாத்திகள் கட்டி நீரைத் தேக்கி, குறைந்தது பத்து நாட்களாவது ஈரங்காத்தல் வேண்டும். முட்டுகளையும் பலகைகளையும் உரிய நாள் வருமுன் பிரித்தல் கூடாது. "புதுமனை புகுவிழாவிற்கு நாள் குறித்துவிட்டோம், விரைந்து முடியுங்கள்" என்று கொத்தனாரை நெருக்குவோர் உளர். நாளை மாற்றினால் உறவினர் சிலர் வருந்துவர். முட்டை முன்னதாகப் பிரித்தால் கீழே நிற்கும் தொழிலாளியின் உயிரே போதல் கூடும். இவற்றுள் எது பெரிது என்பதை வீட்டுக்குரியவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வான்நீர்

நந்தி மலைப்பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையையும், பின்னர்க் கிருஷ்ணகிரி அணையையும் நிரப்பிச் செல்கிறது. ஆயினும், மேற்பகுதி நகரங்களின் கழிவு கலப்பதால் அந்நீரை அப்படியே பயன்படுத்த இயலாத நிலை நேர்ந்துள்ளது. எனவே, தூய நீராகிய மழையைத் தேக்குதல் இவ்வட்டாரத்தார்க்கு மிகவும் இன்றியமையாதது. தமிழக அரசு 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. 1000 சதுர அடித் தளத்தின் மீது ஓராண்டில் 800 மில்லிமீட்டர் மழை பெய்வதாகக் கொண்டால், ஏறத்தாழ 74,000 லிட்டர் நீர் விழும். குழாயும் தொட்டியும் இல்லையேல் அத்தனையும் தெருவில் ஓடி மறையும்.

முடிவுரை

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் இராசாசி 1878-இல் பிறந்த இல்லம் நினைவில்லமாகப் பேணப்படுகிறது. அஃது எளிய இல்லம். வீட்டின் பெருமை மாடியின் உயரத்தில் இல்லை என்பதை அதனைக் காண்போர் உணர்வர். பக்கத்து வீட்டைப் பார்த்துப் பெரிதாகக் கட்டிப் பின்னர் வட்டி கட்ட இயலாது வருந்துவோர், தம் வீட்டிலேயே கடனுக்குக் குடியிருப்பவர் ஆவர். தேவையறிந்து, பொருள் அறிந்து, இடமறிந்து கட்டியவரோ சிறு வீட்டிலும் நிமிர்ந்து வாழ்வர்.

இன்னொன்றும் நினைவிற் கொள்க. ஒரு வீட்டில் கல்லுடைப்பவர், கொத்தனார், சித்தாள், தச்சர், கம்பி கட்டுவோர் எனப் பலருடைய வியர்வை சேர்ந்திருக்கிறது. அவருட் பலர் தமக்கெனச் சொந்த வீடு இல்லாதவர். அவர்க்கு உரிய கூலியைக் காலத்தே கொடுத்து, உயரத்தில் நின்று வேலை செய்வோர்க்கு வலிய சாரமும் தலைக்காப்பும் அளித்துக் கட்டப்பெற்ற வீடே உண்மையில் நல்ல வீடு.

பயிற்சி வினாக்கள்

1. மனை வாங்குமுன் ஆராய வேண்டுவன யாவை?
2. மூலை செங்கோணமாக அமைந்துள்ளதைக் கொத்தனார் எவ்வாறு அறிவர்?
3. சூளையில் இடாத மண்கட்டி செய்யும் முறையை விளக்குக.
4. தளம் போட்டபின் ஈரங்காத்தல் ஏன் இன்றியமையாதது?
5. உங்கள் வீட்டுக் கூரையின் பரப்பை அளந்து, ஓராண்டில் அதன்மேல் விழும் மழைநீரைக் கணக்கிடுக.