தேவா பில்லைப் பார்த்ததுண்டா?

"துபாயில கரண்டும் தண்ணியும் ஃப்ரீதானே மாமா?" போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பாயசம் வருவதற்குள் இரண்டு பேர் இதைக் கேட்டுவிட்டார்கள். அங்கே கட்டடப் பராமரிப்பில் 18 வருடம் மோட்டாரும் மீட்டருமாகக் கிடந்தவன் நான். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

இலவசம் இல்லை. துபாயில் இரண்டையும் வழங்குவது துபாய் மின்சார, நீர் ஆணையம். நம் ஆட்கள் வாயில் அது 'தேவா'. மின்சாரத்துக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்ததை 1992இல் ஒன்றாக்கினார்கள். 2022இல் அதன் பங்குகள் அவ்வூர்ப் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டன. அன்னசத்திரத்தின் பங்கைக் காசு கொடுத்து எவனாவது வாங்குவானா?

ஃபிளாட் எடுத்தால் முதலில் 2,000 திர்ஹம் டெபாசிட். அதைக் கட்டாமல் விளக்கு எரியாது. பிறகு சிலாப் கணக்கு: முதல் 2,000 யூனிட்டுக்கு 23 ஃபில்ஸ், அடுத்த 2,000க்கு 28. ஆகஸ்ட் வெயிலில் ராப்பகலாக ஏசி ஓடி 2,500 யூனிட் ஆனால், அதற்கு மட்டும் 600 திர்ஹம். அதற்குமேல் எரிபொருள் கட்டணம், தண்ணீர்க் காசு, கழிவுநீர்க் காசு, 5% வாட். அதோடு விட்டார்களா? வருட வாடகையில் 5% நகராட்சிக்குச் சேர வேண்டிய வீட்டுக் கட்டணம். அதையும் பன்னிரண்டாகப் பிரித்து இதே பில்லில் ஏற்றிவிடுவார்கள். 60,000 திர்ஹம் வாடகைக்கு மாதம் 250. பில்லைப் பார்த்துத் தேவாவைத் திட்டுகிறவர்களில் பாதிப்பேர் உண்மையில் திட்டவேண்டியது நகராட்சியை.

வதந்தி எங்கே பிறந்தது என்பதும் எனக்குத் தெரியும். லேபர் கேம்பில் இருப்பவருக்குக் கம்பெனி கட்டுகிறது. அவர் பில்லையே பார்ப்பதில்லை. ஒரு கட்டிலுக்கு மட்டும் வாடகை தரும் பெட் ஸ்பேஸ்காரருக்கு அது வாடகைக்குள் ஒளிந்திருக்கிறது. 'சில்லர் ஃப்ரீ' என்று விளம்பரம் பார்த்தவர் ஊருக்குப் போன் போட்டு எல்லாமே ஃப்ரீ என்கிறார். குளிரூட்டும் செலவு வீட்டுக்காரர் தலையில் என்பதுதான் அதற்கு அர்த்தம். கத்தாரில் அந்நாட்டுக் குடிமக்களின் வீட்டுக்கு இலவசம் உண்டு, மெய்தான். விசாவில் போன உனக்கு என்ன வந்தது?

மற்ற வதந்திகளை நின்றவாக்கில் சொல்லிவிடலாம். துபாய் ஒரு நாடு இல்லை. ஏழு அமீரகங்களில் ஒன்று. ரோட்டைத் தாண்டிச் சார்ஜாவுக்குப் போனால் ஆணையம் வேறு, கட்டணமும் வேறு. அரபு நாடு என்றாலே கரண்ட் போகாதாம். எண்ணெயில் மிதக்கும் குவைத்திலேயே 2024 ஜூனில் முறைவைத்து நிறுத்தினார்கள். லெபனானில் தெருவுக்குத் தெரு ஜெனரேட்டர்காரருக்குத் தனிப் பில். ஜோர்டான் தலைநகர் அம்மானில் குழாய்த் தண்ணீர் வாரம் ஒருமுறை வருவதே வழக்கம். மொட்டைமாடித் தொட்டியை நம்பித்தான் குடித்தனம்.

"கடல் தண்ணியில குளிச்சா முடி கொட்டும்" என்பதற்கு மட்டும் கொஞ்சம் நிற்கிறேன். துபாயின் ஜெபல் அலி ஆலையில் கடல்நீரைக் காய்ச்சி ஆவியாக்கி எடுப்பதில் உப்பு அநேகமாக மிஞ்சாது. குழாயில் விடும்முன் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கிறார்கள். ஆலையிலிருந்து நல்ல தண்ணீர்தான் புறப்படுகிறது. அது வந்து விழும் தொட்டியை யாராவது ஏறிப் பார்த்தீர்களா? நான் பார்த்திருக்கிறேன். ஒரு கட்டடத்தில் மூடி பறந்து எத்தனை மாதமோ; உள்ளே ஒரு சாண் சேறு, புறா இறகு, யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு. கீழே நான்காவது மாடியில் ஒருவர் ஷாம்புவை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொட்டியைக் கழுவச் சொல்லி வாட்ச்மேனை நச்சரியுங்கள். கழுவிய தேதியை மூடிமேல் பெயின்ட்டால் எழுதச் சொல்லுங்கள். மூடி இல்லையென்றால் முதலில் மூடியைப் போடச் சொல்லுங்கள்.