அந்த 180 பீஸ் யாருடையது?

அன்புத் தம்பிக்கு,

உன் ரெஸ்யூமை இரண்டு தடவை படித்தேன். "லைன் சூப்பர்வைசராக மூன்று வருடம் வேலை பார்த்தேன், உற்பத்தியையும் தரத்தையும் கவனித்தேன்" என்று இருக்கிறது. திருப்பூரில் எந்த பனியன் கம்பெனி சூப்பர்வைசரும் இதையேதான் எழுதுவார். இதில் உன்னைக் காணோமே!

போன வாரம் போனில் வேறு மாதிரி பேசினாய். 30 டெய்லர், எட்டு மணி நேர ஷிப்ட். ஆரம்பத்தில் நாளுக்கு 900 டீஷர்ட் இறங்கியது, இப்போது 1,080 இறங்குகிறது என்றாய். ஒரு பீஸுக்கு சாம், அதாவது அதைத் தைக்க ஒதுக்கிய நிலையான நேரம், 8 நிமிடம். அப்படியானால் 900 பீஸுக்கு 7,200 நிமிடம். 30 பேரின் ஷிப்ட் நேரம் 14,400 நிமிடம். எஃபிஷியன்சி 50 சதவீதம். 1,080க்கு அதுவே 60. இதை ரெஸ்யூமில் ஏன் விட்டுவிட்டாய்?

எழுதும் முன் ஒன்று கேட்டுக்கொள்: அந்தக் கூடுதல் 180 பீஸ் உன்னால் வந்ததா? காலர் வைத்த போலோ முடிந்து ரவுண்ட் நெக் ஏறினாலே பீஸ் கூடிவிடும். அதில் உன் பங்கு ஒன்றுமில்லை. அதனால்தான் வெறும் பீஸ் கணக்கை நம்பாமல் சாம் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். உன் லைனில் ஸ்டைல் மாறவில்லை. கழுத்துப் பட்டி வைக்கிற ஓவர்லாக்கில் பண்டில் மலைபோலத் தேங்கும்போது, பக்கத்தில் வேலையில்லாமல் இருந்த பிளாட்லாக் அக்காவுக்கு அந்த மிஷினைப் பழக்கிவிட்டது நீ. அந்த வரிதான் ரெஸ்யூமில் முதலில் வர வேண்டும். சதவீதம் அதற்குப் பின்னால் வரட்டும்.

நான் ஆள் எடுத்த காலத்தில் ஒரு பையன் "ரிஜக்‌ஷனை 80% குறைத்தேன்" என்று போட்டுக்கொண்டு வந்தான். எத்தனையிலிருந்து எத்தனைக்கு என்றேன். லைன் உள்ளேயே எண்ணியதா, ஃபைனல் செக்கிங்கில் எண்ணியதா என்றேன். பாவம், முகம் வெளுத்துவிட்டது. நல்ல வேலைக்காரனாகக்கூட இருந்திருப்பான். ஆனால் அந்த ஒரு எண்ணால் அவன் எழுதிய மற்ற எதையும் என்னால் நம்ப முடியவில்லை.

அந்த நிலை உனக்கு வராமல் இருக்க, ஷிப்ட் முடிந்து லைன் போர்டை அழிப்பதற்குள் அன்றைய பீஸ், ஆல்டர் (திருத்தத்துக்குத் திரும்பிய பீஸ்), லீவு போட்ட ஆள் மூன்றையும் உன் நோட்டில் குறித்து வை. பையர் பெயரையும் ரேட்டையும் மட்டும் ரெஸ்யூமில் ஏற்றாதே. அவை கம்பெனியின் சொத்து.

திருத்தி ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. உட்கார்ந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்