தாளின் தடம்

நுழையும்முன்

கல்வியின் கருவிகளுள் ஒன்று தாள். அஃது உருவாகும்போதும் குப்பையாகும்போதும் வளிமண்டலத்தில் ஒரு தடத்தைப் பதிக்கிறது. எழுதுவதைக் குறைக்காமல் அத்தடத்தைக் குறைப்பது எவ்வாறு என்பதை இப்பாடம் விளக்குகிறது.

அருமையும் மலிவும்

ஓலையை நறுக்கிப் பதப்படுத்தி, எழுத்தாணியால் கீறி எழுதிய காலத்தில் எழுதுபொருள் அரிதாக இருந்தது. எனவே, பாடல்களை அடி பிரிக்காமல் தொடர்ச்சியாக எழுதி, ஓலையின் இடத்தை முழுமையாகப் பயன்படுத்தினர். ஆலைகளால் தாள் மலிவானபின் அக்கவனம் தளர்ந்தது. பாதி எழுதிய ஏடுகள் ஆண்டிறுதியில் எடைக்குச் செல்கின்றன.

கார்பன் தடம்

ஒருவருடைய செயல்களால் நேரடியாகவும் மறைமுகமாகவும் வெளியாகும் பசுமைக்குடில் வாயுக்களின் மொத்த அளவு கார்பன் தடம் எனப்படும். அதனைக் கரியமில வாயுவிற்கு இணையான எடையில் கணக்கிடுவர். ஊர்தி விடும் புகை கண்ணுக்குத் தெரிகிறது. தாளுக்குப் பின்னுள்ள புகை தெரிவதில்லை. மரத்தை வெட்டுதல், கூழாக்குதல், வெளுத்தல், உலர்த்துதல், ஏற்றிச் செல்லுதல் ஆகிய ஒவ்வொரு படிநிலையிலும் ஆற்றல் செலவாகிறது. குப்பைமேட்டில் புதையுண்ட தாள், காற்றின்றி மட்கும்போது மீத்தேனை வெளியிடுகிறது. நூறாண்டுக் கால அளவில் நோக்கினால், மீத்தேன் அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட 25 மடங்கிற்கும் மேலாகப் புவியை வெப்பமாக்க வல்லது.

சக்கையிலிருந்து தாள்

தமிழ்நாடு அரசு 1979ஆம் ஆண்டு தொடங்கிய காகித நிறுவனத்தின் ஆலை, கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ளது. சாறு பிழிந்த கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு அவ்வாலை நிறுவப்பட்டது. இதனால் மரத்தின் தேவை குறைகிறது. எனினும், சக்கையைத் தாளாக்கவும் நீரும் வெப்பமும் மின்சாரமும் வேண்டும். ஆகவே, எந்தத் தாளும் தடமற்றதன்று.

தெரிந்து தெளிவோம்

ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள தாளில், ஏ4 அளவுள்ள ஒன்று ஏறத்தாழ 5 கிராம் இருக்கும். 40 மாணவர் பயிலும் வகுப்பில் ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு ஒரு தாளை வீணாக்காமல் காத்தால், 200 பள்ளி நாள்களில் 8,000 தாள்கள், அதாவது 40 கிலோ எடையுள்ள தாள் மிஞ்சும்.

வரிசை முறை

தாளைக் காப்பதில் வரிசை முறை இன்றியமையாதது. முதலாவது, தேவையற்ற அச்சிடலைத் தவிர்த்தல். 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிதிநிலை அறிக்கை முதன்முறையாகத் தாளின்றி, மின்னணு வடிவில் அளிக்கப்பட்டது. மின்னணுக் கருவிகளும் மின்சாரத்தால் இயங்குவன என்பதால், அவற்றையும் தேவையறிந்தே பயன்படுத்த வேண்டும். இரண்டாவது, இருபுறமும் எழுதுதல். எஞ்சிய வெற்றுத் தாள்களைத் தைத்துப் பயிற்சி ஏடாக்குதல். மூன்றாவது, எழுதி முடித்த தாளை மறுசுழற்சிக்கு அளித்தல். ஒவ்வொரு மறுசுழற்சியிலும் தாளின் இழைகள் குறுகி வலுவிழப்பதால், அதனை முடிவின்றித் தொடர இயலாது. மேலும், உணவுக் கழிவோடு கலந்து எண்ணெய் படிந்த தாள் மறுசுழற்சிக்கு ஏற்றதன்று. எனவே, தாளைத் தனியே சேர்த்தல் வேண்டும்.

ஆளில்லா அறையின் மின்விசிறியை நிறுத்துதல், அருகிலுள்ள இடத்திற்கு நடந்து செல்லுதல், உணவை வீணாக்காமை ஆகியவற்றிற்கும் இக்கருத்தே பொருந்தும். கணக்கைப் போட்டுப் பார்க்கவும், பிழையை அடித்துத் திருத்தவும், கட்டுரையை மீண்டும் எழுதவும் மாணவருக்குத் தாள் வேண்டும். அவ்வாறு பயன்பட்ட தாள் வீணானதன்று. எழுதப்படாமல் குப்பைக்குச் செல்லும் பக்கமே வீணானது.