வற்றிய நீரும் தூண்டிலும்

சிரஞ்சீவி தண்டபாணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோடையில் நீர் வற்றினால் மீனெல்லாம் ஒரே குழியில் ஒதுங்கிவிடுமே, தூண்டில் போட்டவனுக்கெல்லாம் வேட்டைதானே என்று கேட்டிருக்கிறாய். ஒதுங்குவது மெய். ஆனால் ஆழம் குறையக் குறைய மீன்கொத்திக்கும் கொக்குக்கும் மனிதனுக்கும் ஒருசேர அஞ்ச வேண்டிய நிலைமை அந்தப் பிராணிக்கு ஏற்பட்டுவிடுகிறபடியால், நிறைந்த நீரில் அசட்டையாக இரை எடுத்த கெண்டை, வற்றிய நீரில் உன் நிழல் அசைந்த மாத்திரத்தில் வாயை மூடிக்கொள்ளும். என் அபிப்பிராயத்தில் நீர் வற்றிய காலம், பிடிப்பதற்கு முன் பார்க்க வேண்டிய காலம்.

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் பாதையின் அடிவாரத்தில் வரதமாநதி அணை இருக்கிறதல்லவா? நீர் நன்றாக இறங்கியிருக்கும் சமயத்தில் அங்கே ஒரு பகல் சும்மா நடந்து பார். மழைக்காலத்தில் கண்ணுக்குத் தெரியாத பழைய ஓடைத்தடம், பாறைத் திட்டு, சரிவு, சேறு எல்லாம் பிரத்தியட்சமாகக் கிடக்கும். அவற்றைக் கரையிலுள்ள மரம், மதகு முதலிய அசையாத அடையாளங்களோடு சேர்த்து நோட்டுப் புத்தகத்தில் வரைந்து வைத்துக்கொண்டாயானால், ஐப்பசி மழையில் நீர் ஏறியபின், மற்றவர்கள் பரந்த ஜலத்தைப் பார்த்துத் திகைத்து நிற்கும்போது, மீன் சஞ்சரிக்கும் பள்ளம் எதுவென்று உனக்கு மட்டும் தெரிந்திருக்கும். தூண்டில் போடுவதற்கு முன் அங்கே மீன் உரிமை யாருடையதோ அவர்களிடம் அனுமதி கேட்டுவிடு.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. சூடேறிய நீரில் பிராணவாயு குறைவு. பாசியும் கொடியும் மண்டிய குளத்தில் அவையும் இரவெல்லாம் அதையே உட்கொள்வதால், பொழுது விடியும் நேரத்தில்தான் தட்டுப்பாடு மிகுதி. அப்போது மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் கண்டு, இரை தேடுகின்றன என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு; அவை மூச்சுக்குத் தவிக்கின்றன, அந்நேரம் எந்த இரையும் செல்லாது. வெயில் சற்று ஏறட்டும், அல்லது ஓடை வந்து விழும் வாயைத் தேடிப் போ. விரால் இதற்கு விலக்கு. அது நேரே காற்றை விழுங்க மேலே வந்து போகும். அப்போது எழும் நீர் வளையத்தைக் குறி வைக்கலாம். கூடவே செந்நிறக் குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் தூண்டிலைச் சுருட்டிவிடு. தாய் தகப்பன் இரண்டும் அங்கே காவல் நிற்கின்றன.

கொடைக்கானல் ஏரியின் சுபாவமே வேறு. மதுரைக் கலெக்டராயிருந்த வெரே லெவிஞ்சு 1863-இல் அணைகட்டி உண்டாக்கிய அந்த ஏரி, ஏறக்குறைய ஏழாயிரம் அடி உயரத்தில் குளிர்ந்து கிடப்பதால், மாசி மாதக் காலைகளில் அங்கே கெண்டை மரத்துப்போய் அடியில் கிடக்கும். சமவெளி ஆசாமி விடியலில் போய் நடுங்குவான். நீ நடுப்பகலில், வெயில் படும் ஓரமாகப் போ.

புளோரிடாக் கால்வாய்களில் டார்ப்பன், ஸ்னூக் என்னும் மீன்களைப் பிடிப்பதைப் பற்றியும் கேட்டிருந்தாய். டார்ப்பனுக்கு நெருங்கிய சொந்தம் நம் கடற்கரைக் கழிமுகங்களிலே உள்ள மொறான் கெண்டை. விராலைப் போலவே அதுவும் காற்றை விழுங்கும். ஸ்னூக்கைப் போன்ற வாழ்க்கை நடத்துவது நம் கொடுவா. பக்கிங்காம் கால்வாயைப் போன்ற உப்பு நீரில் வற்றம் என்பது கோடையின் காரியமல்ல, கடலின் காரியம். நீர் இறங்கும்போது பக்க வாய்க்கால்களிலிருந்து இறாலும் பொடிமீனும் இழுத்து வரப்படுவதால், கொடுவா அந்த வாய்களில் பதுங்கி நிற்கும். அங்கே வற்றுநீர்தான் நல்ல நேரம். ஆகவே உப்பு நீருக்குரிய இந்த விதியை மலையடிவாரக் குளத்துக்கு அப்படியே கொண்டுவராதே.

சாமான் அதிகம் வேண்டாம். மெல்லிய நரம்பு, சிறிய முள், ஈயமே இல்லாமலோ மிகச் சிறிதாகவோ, ஒரு சின்னத் தக்கை. சூரியனை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு, கரைக்குப் பின்னே குந்தியிருந்து வீசு. நிழல் நீரில் விழாது. விடுமுறைக்கு வரும்போது பளிச்சென்று தெரியும் வெள்ளைச் சட்டையைக் கொண்டுவராதே, காக்கிச் சட்டை ஒன்று எடுத்து வா.

இப்படிக்கு,
உன் மாமா